நிறம் ஒன்று, பாசி வேறு

அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள பெரிங் கடலைக் கோடையில் செயற்கைக்கோள் வழியே பார்த்தால், நுண்பாசி பெருகிய இடங்கள் பெரும்பாலும் ஒரே பச்சையாகத்தான் தெரியும். மீன்களின் உணவுக்கு அடிப்படையான டயாட்டம் என்னும் நுண்பாசியும், மட்டிகளில் நஞ்சேற்றும் அலெக்ஸாண்ட்ரியம் என்னும் நுண்பாசியும் பச்சையம் உடையவை என்பதால், நிறத்தை அளப்பவர்க்கு அளவு கிடைக்குமே தவிர ஆள் யார் என்பது கிடைக்காது. அதைச் சொல்வதற்காகவே ஆய்வுக் கப்பல்களில் இப்போது ஒரு படக்கருவி ஏறுகிறது.

அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் உருவான இக்கருவியின் பெயர் இமேஜிங் ஃப்ளோசைட்டோபாட். ஓடும் கப்பலின் அடிப்பகுதிக் குழாய் உறிஞ்சும் கடல்நீரிலிருந்து, ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு தேக்கரண்டி அளவான 5 மில்லிலிட்டரை இது எடுத்துக்கொள்கிறது. வடிகட்டிய நீர் சுற்றிலும் உறைபோல் ஓட, நடுவே மாதிரி நீர் நூலாக மெலிந்து செல்வதால், செல்கள் வரிசையாகவும் லென்ஸின் குவியத்திலிருந்து விலகாமலும் வருகின்றன. லேசர் கதிர் பட்டதும் பச்சையம் சிவப்பாக ஒளிர்கிறது. அந்த ஒளிர்வே கேமராவையும் மின்னல் விளக்கையும் இயக்குகிறது. எனவே மணல்துகள் படமெடுக்கப்படாமலே கடந்துவிடும்.

திரையில் தெரிவது கறுப்பு வெள்ளைப் படம்தான். டயாட்டங்களில் ஒன்றான கீடோசெரஸ் என்றால், பக்கவாட்டில் மயிர்போல் முட்கள் நீட்டிய செல்களின் சங்கிலி. அலெக்ஸாண்ட்ரியம் கேட்டனெல்லா என்றால், இடுப்பில் அரைஞாண் கட்டியதுபோல் பள்ளம் ஓடும் உருண்டைகள், பெரும்பாலும் இரண்டு நான்காக ஒட்டியவை. இவற்றை இனம் பிரிப்பது, வல்லுநர் பெயரிட்ட படங்களைக் கொண்டு பயிற்றுவித்த கணினி நிரல். கற்றுத் தராத உயிரியைக் கண்டால் அது தெரிந்த பெயர்களில் ஒன்றைத் தயங்காமல் சூட்டிவிடும். ஆகையால் மனிதக் கண்ணின் சரிபார்ப்பை விட்டுவிட முடியாது.

2022 கோடையில் ‘நார்ஸ்மன் இரண்டு’ என்னும் கப்பலில் இருந்த இக்கருவி, பெரிங் நீரிணைப் பகுதியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவியிருந்த அலெக்ஸாண்ட்ரியப் பெருக்கத்தைப் பயணத்தின் போதே காட்டியது. இப்பாசியின் சாக்சிடாக்சின் நஞ்சு சமைத்தாலும் அழியாது. மட்டியையும் கடல் விலங்குகளையும் உண்டு வாழும் அலாஸ்காக் கரையோரப் பழங்குடி ஊர்களுக்கு உடனே எச்சரிக்கை போனது. மாதிரியைப் புட்டியில் அடைத்து, கரை சேர்ந்தபின் நுண்ணோக்கியில் எண்ணியிருந்தால் அந்தச் செய்தி பல வாரங்கள் பிந்தியிருக்கும்.

ஆனால் குழாயின் வாய் மேற்பரப்புக்குச் சில மீட்டர் கீழேதான் இருக்கிறது. அதற்கும் ஆழத்தில் அடுக்காகத் தேங்கும் பாசி இதற்குத் தெரியாது. மில்லிமீட்டர் அளவில் வளரும் கலானஸ் போன்ற கோப்பிபாடுகள் என்னும் மிதவை உயிரிகளும் இதற்குள் நுழைய முடியாதவை. அவற்றுக்கு இன்னும் வலைதான். வடக்கே சுக்சி கடலின் சேற்றில் அலெக்ஸாண்ட்ரியத்தின் உறக்கநிலைச் செல்கள் பெருமளவில் புதைந்து கிடக்கின்றன. அடிநீர் சூடேற ஏற அவை விரைவில் முளைக்கின்றன. அந்த விதைக் கிடங்கை எண்ண, கப்பல் நின்று சேற்றை அள்ளித்தான் ஆக வேண்டும்.