தோளில் பட்ட குண்டு சாதாரணக் காயமல்ல

போர்ப் படங்களில் நாயகனுக்குக் குண்டு பாய்வதற்கென்றே ஓர் இடம் உண்டு: தோள். பல்லைக் கடித்துக்கொண்டு, தீயில் காட்டிய கத்தியால் குண்டை நோண்டி எடுப்பார். அடுத்த காட்சியிலேயே அந்தக் கையால் துப்பாக்கி பிடிப்பார்.

உண்மையில் காறை எலும்புக்கு அடியில்தான் கைக்குப் போகும் பெரிய தமனியும் நரம்புக் கற்றையும் இருக்கின்றன. நுரையீரலின் உச்சியும் பக்கத்திலேயே. அங்கே பட்டால் கை செயலிழக்கலாம், உயிரும் போகலாம். குண்டைக் கிளறவே கூடாது. ரத்தக் குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருந்தால், எடுத்த நொடியில் ரத்தம் பீறிடும். அறுவை மருத்துவர்களே பல குண்டுகளை எடுக்காமல் உள்ளேயே விட்டுவிடுவதுண்டு.

கொல்வது பெரும்பாலும் ரத்த இழப்புதான். 2001 முதல் 2011 வரை போர்க்களத்தில் காயமடைந்து இறந்த 4,596 அமெரிக்கப் படையினரை ஆராய்ந்தபோது, மருத்துவ நிலையத்தை அடையும் முன்பே இறந்தவர்களில் காப்பாற்றியிருக்கக்கூடியவர்கள் எனக் கருதப்பட்ட 976 பேரில் சுமார் 91 சதவீதத்தினரின் மரணத்துக்குக் காரணம் ரத்தப்போக்கு.

கை, கால் என்றால் டூர்னிகெட், அதாவது ரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கும் பட்டை, கட்டலாம். படத்தில் இடுப்பு பெல்ட்டை ஒரு இழு இழுத்தால் முடிந்தது. நிஜத்தில் பெல்ட் தமனியை அடைக்குமளவுக்கு இறுகுவது அரிது. தயார்நிலை டூர்னிகெட் இல்லையென்றால் 5 செ.மீ. அகலத் துணிப்பட்டையும் உறுதியான குச்சியும் வேண்டும். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் சுற்றி ஒரு முடிச்சு, அதன்மேல் குச்சி, இன்னொரு முடிச்சு. ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, குச்சி திரும்பாதபடி கட்ட வேண்டும்.

பலர் தவறுவது இங்கேதான். வலி கடுமையாக இருக்கும், அடிபட்டவர் அலறுவார், பாவமென்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். அரைகுறையாக இறுக்கினால் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் சிரை மட்டும் அடைபடும்; தமனி வழியே ரத்தம் வந்துகொண்டே இருக்கும். கசிவு முன்னைவிட மோசமாகும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். "கொஞ்சம் ரத்தம் ஓடட்டும்" என்று இடையில் தளர்த்தவும் கூடாது.

தொடையிடுக்கிலும் அக்குளிலும் டூர்னிகெட் நிற்காது. அங்கே சுத்தமான துணியை விரலால் காயத்தின் ஆழம்வரை திணித்து, உள்ளங்கையால் முழு எடையையும் கொடுத்து 10 நிமிடமாவது அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் கையை எடுத்துப் பார்க்காதீர்கள். மார்பிலும் வயிற்றிலும் துணி திணிக்காதீர்கள். உள்ளே கசியும் ரத்தத்தை வெளியிலிருந்து நிறுத்த முடியாது. அறுவை அரங்குக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறார் என்பதில்தான் அவர் உயிர் இருக்கிறது.