ஓவர்லே எல்லாம் மேலடுக்கு ஆகாது

லேடெக் என்ற ஆவண அச்சுக்கோப்பு மென்பொருளில் படம் வரைவதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'ஓவர்லே' என்று வந்தாலே 'மேலடுக்கு' என்று போட்டுவிடுகிறார்கள். காட்சிவில்லைகள் செய்யும் பீமரில் வந்தாலும் மேலடுக்கு, படம் வரையும் டிக்ஸில் வந்தாலும் மேலடுக்கு, போதாததற்கு 'லேயர்' வரும் இடத்திலும் சில சமயம் அதே மேலடுக்கு. மூன்றும் வேறு வேறு வேலை செய்கிறவை. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் புதிதாகக் கற்கிறவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

வேரைச் சட்டென்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் 'லே' என்றால் இடுவது, கிடத்துவது. லேயர் முதலில் இடுகிற ஆளைக் குறித்து, பிறகு இடப்பட்டதற்கு ஆகிவந்தது. ஓவர்லே, ஒன்றின் மேல் இட்டது. தமிழ் 'அடுக்கு' பிறந்தது 'அடு'விலிருந்து. அடுத்து, அடுத்தது எல்லாம் அதே குடும்பம். அடுக்குமல்லி, அடுக்குமாடி இரண்டிலும் இருப்பது அதுதான். அச்சத்தில் 'பாம்பு பாம்பு' என்கிறோமே, அதற்கு இலக்கணத்தில் அடுக்குத்தொடர் என்றே பெயர்.

ஆக, லேயருக்கு அடுக்கு. இதில் எனக்குச் சண்டையே இல்லை. டிக்ஸுக்கு அடித்தளமாக இருக்கிற பிஜிஎஃப் என்ற வரைகலைத் தொகுப்பில் பின்னணி, முதன்மை என்று அடுக்குகளை அறிவித்து எது அடியில், எது மேலே என்று வரிசை கொடுக்கிறோம். நிரலில் கடைசியாக எழுதிய வண்ணப் பெட்டியைக்கூடப் பின்னணி அடுக்கில் போட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் பின்னே போய்விடும். சிலர் இதற்குப் 'படலம்' என்கிறார்கள். அது வடசொல் என்பதற்காக நான் தள்ளவில்லை. ஓசோன் படலம், கண்ணில் படலம் என்று சொல்லும்போது ஒன்றின் மேல் படிந்து, பரவிக் கிடப்பதைத்தான் சொல்கிறோம். இங்கே தேவை, எடுத்து வரிசை மாற்றி வைக்கக்கூடிய ஒன்று. டிடிபி கடைகளில் 'லேயர்' என்றே சொல்கிறார்கள், அதுவும் சரி.

இப்போது மேலடுக்குக்கு வருவோம். இந்தச் சொல் ஏற்கெனவே தமிழில் குடியிருக்கிறது. மழைக்காலத்தில் செய்தி கேட்கிற எவருக்கும் 'வளிமண்டல மேலடுக்கு சுழற்சி' தெரியும். அங்கே மேலடுக்கு என்றால் உயரத்தில் இருக்கிற அடுக்கு. அதாவது இடத்தின் பெயர். டிக்ஸில் ஓவர்லே என்ற விருப்பம் உயரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. 'இந்தப் படத்துக்குத் தாளில் இடம் ஒதுக்காதே' என்பதுதான் அதன் ஆணை. சாதாரணமாகப் படத்தைச் சுற்றி ஒரு எல்லைப்பெட்டியை டிக்ஸ் கணக்கிடும், அந்த அளவுக்கு எழுத்து விலகி நிற்கும். ஓவர்லே கொடுத்தால் அந்தக் கணக்கில் படம் சேராது, எழுத்து நகராது. படம் எழுத்துக்கு மேலே விழுமா கீழே விழுமா என்பதைத் தீர்மானிப்பது வேறு.

எல்லாப் பக்கங்களிலும் 'வரைவு' என்று சாய்வாக நீர்க்குறி வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபர் லேடெக் வெளியீட்டிலிருந்து பக்கப் பின்னணிக்கென்றே ஒரு கொக்கி இருக்கிறது, அதாவது நம் நிரலை மாட்டிவைக்க ஒரு இடம். அதில் படத்தை மாட்டி, ஓவர்லேயும், படத்தின் இடத்தை நினைவில் வைக்கும் 'ரிமெம்பர் பிக்சர்' விருப்பமும் கொடுத்து, நடப்புப் பக்கத்தின் மையத்தில் வை என்போம். முதல் ஓட்டத்தில் இடக்குறிப்புகள் துணைக் கோப்பில் எழுதப்படும், இரண்டாவது ஓட்டத்தில்தான் படம் சரியான இடத்துக்கு வரும். அப்படி வந்த நீர்க்குறி எழுத்துக்கு அடியில் கிடக்கிறது. அடியில் கிடப்பதை மேலடுக்கு என்று எழுதிக் கொடுத்தால், படிக்கிற மாணவர் பாவம், தன் நிரலில்தான் தவறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்! எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பீமர் கதை வேறு. லேடெக்கில் காட்சித்தாள் செய்ய இருந்த பழைய ஸ்லைடெக் காலத்தில் ஓவர்லே என்பது உண்மையான தாள்: ஒளி ஊடுருவும் ஒரு தாளின் மேல் இன்னொன்றை வைத்து ஒளிவீழ்த்தியில் காட்டுவார்கள். ஐந்தாம் தாளின் மேல் வைக்கிறவற்றுக்கு 5-ஏ, 5-பி என்று எண் விழும். அதை மேல்தாள் என்றால் பொருத்தம்தான். டில் டான்டவ் எழுதிய பீமரில் அந்தப் பெயர் மட்டும் தங்கிவிட்டது, தாள் போய்விட்டது. 'ஃபிரேம்' எனப்படும் ஒரே சட்டகத்தைப் பீமர் பல பிடிஎஃப் பக்கங்களாக உடைக்கிறது. முதல் பக்கத்தில் ஒரு வட்டம், அடுத்த பக்கத்தில் அதே வட்டத்தோடு ஒரு அம்பு, அப்புறம் அம்புக்கு ஒரு பெயர். ஒவ்வொரு பக்கமும் முழுப் பக்கம், ஒன்றின் மேல் ஒன்று எதுவும் உட்காரவில்லை. 'ஒன்லி' என்ற ஆணை, வராத பக்கத்தில் இடம்கூடப் பிடிக்காது. 'அன்கவர்' மறைத்தாலும் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். எல்லாமே எது எப்போது தோன்றும் என்ற கணக்கு. இதற்கு நான் 'படி' என்கிறேன். 'இந்தச் சட்டகத்தில் நான்கு படிகள், அம்பு இரண்டாம் படி முதல்' என்றால் யாருக்கும் விளங்கும். நகலுக்கும் படி என்கிறோமே என்று கேட்கலாம். எண்ணோடு வரும்போது குழப்பம் வராது.

டிக்ஸ் ஓவர்லேக்கு 'இடங்கொள்ளாப் படம்'. நீளம்தான், ஆனால் செய்கிற வேலையை அப்படியே சொல்கிறது.

இப்படிப்பட்ட பிழைகள் பிறப்பது சொற்பட்டியலில். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே காலிக் கட்டம். அந்தச் சொல் நிரலில் என்ன செய்கிறது என்று ஓட்டிப் பார்க்காமலே நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். 'ஓவர்' என்றால் மேல், 'லே' என்றால் அடுக்கு, முடிந்தது வேலை. தூய தமிழ் வேண்டும் என்று நானும்தான் சொல்கிறேன். ஆனால் தவறான தூய தமிழைவிடத் தமிழ் எழுத்தில் 'ஓவர்லே' என்றே எழுதுவது மேல். படிக்கிறவர் கையேட்டில் அதைத் தேடியாவது கண்டுபிடிப்பார். மேலடுக்கு என்று தேடினால் வானிலை அறிக்கைதான் கிடைக்கும்.