இருவர் கண்ணுக்கும் தப்பிய கன்றுகளை எண்ணுவது எப்படி?

வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடிப் பகுதியில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் ஒரு கேள்வியை அனுப்பியிருக்கிறார். தம் பள்ளியின் தேசிய பசுமைப் படை மாணவர்களை வனத்துறையின் அனுமதியோடு ஜவ்வாது மலையின் அமிர்திக் காட்டின் ஓரத்துக்கு அழைத்துச் சென்று, கயிறு கட்டிப் பிரித்த ஒரு பரப்பில் தானாக முளைத்திருக்கும் சந்தனக் கன்றுகளை எண்ணச் சொன்னாராம். ஒரே இடத்தை எண்ணிய இரண்டு குழுக்களும் வெவ்வேறு எண்ணிக்கையோடு திரும்பின. "எந்தக் குழு சொல்வது சரி என்று எனக்கே தெரியவில்லை. பயிற்சி இல்லாதவர்கள் எடுக்கும் இப்படிப்பட்ட கணக்கு ஆராய்ச்சிக்கு உதவுமா?" என்று கேட்கிறார்.

உதவும். எந்தக் குழு சரி என்று தேடி மற்றொன்றின் தாளைக் கிழித்தெறியாமல் இருந்தால், நிச்சயமாக உதவும். பொதுமக்கள் எடுக்கும் கணக்கை அறிவியல் ஏற்றுக்கொள்வதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த ஏறத்தாழ 3 கோடிக் குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. அந்த ஆர்வலர்களில் பெரும்பாலோர் பறவையியலைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். அவர்கள் ஒவ்வொருவரும் எத்தனையோ பறவைகளைக் காணத் தவறியிருப்பார்கள். தவறவிட்டதையும் கணக்கில் கொண்டுவரும் வழி புள்ளியியலில் இருப்பதால்தான் அந்த அறிக்கை நிற்கிறது. அத்தகைய வழிகளுள் மிக எளிய ஒன்று ஆசிரியையின் இரண்டு தாள்களிலேயே ஒளிந்திருக்கிறது.

எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். முதல் குழு 24 கன்றுகளைக் கண்டது. இரண்டாம் குழு 18 கன்றுகளைக் கண்டது. ஒவ்வொரு கன்றும் கயிற்றின் தொடக்கத்திலிருந்து எத்தனை மீட்டரில், எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று இரு குழுக்களும் எழுதியிருப்பதால், இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். அப்படி ஒப்பிட்டபோது 12 கன்றுகள் இரண்டு தாள்களிலும் இருப்பது தெரிகிறது.

இப்போது இரண்டாம் குழுவின் 18 கன்றுகளை மட்டும் பாருங்கள். அவை அந்தப் பரப்பில் உண்மையாகவே இருக்கின்றன, அதில் ஐயமில்லை. அந்த 18-இல் முதல் குழு கண்டுபிடித்தவை 12, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. முதல் குழுவின் பார்வைத் திறனுக்கு, அந்தக் குழுவே அறியாமல் வைக்கப்பட்ட தேர்வு இது. இருக்கும் கன்றுகளில் மூன்றில் இரண்டை அந்தக் குழுவின் கண் பிடிக்கிறது என்றால், அது கண்ட 24 கன்றுகளும் மொத்தத்தில் மூன்றில் இரண்டாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே மொத்தம் 36. மறுபுறமிருந்து கணக்கிட்டாலும் இதே விடைதான்: முதல் குழுவின் 24-இல் இரண்டாம் குழு கண்டது 12, பாதி, இரண்டாம் குழுவின் 18 என்பது மொத்தத்தில் பாதி, எனவே மொத்தம் 36.

இரண்டு தாள்களையும் சேர்த்தால்கூட நமக்குக் கிடைக்கும் வெவ்வேறு கன்றுகள் 30 மட்டுமே. எஞ்சிய 6 கன்றுகளை யாரும் பார்க்கவில்லை. யாரும் பாராதவற்றின் எண்ணிக்கையை, பார்த்தவர்களின் கருத்து வேறுபாட்டிலிருந்தே பெற்றுவிட்டோம் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. இரண்டு குழுக்களும் தங்களுக்குள் பேசி ஒரே எண்ணுக்கு உடன்பட்டிருந்தால், இந்த அறிவு முழுவதும் அழிந்திருக்கும். வேறுபாடுதான் இங்கே தரவு.

இந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரான்சின் மக்கள்தொகையை மதிப்பிட அந்நாட்டுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1802-இல் இதே விகித முறையைக் கையாண்டார். 1890-களில் டென்மார்க்கின் பீட்டர்சன் மீன்களுக்கு அடையாளமிட்டார்; 1930-இல் அமெரிக்காவின் பிரெடரிக் லிங்கன், வளையமிட்ட வாத்துகளிலிருந்து மொத்த வாத்துகளைக் கணித்தார். மறுமுறை பிடிபடும் மீன் முன்பே கணக்கில் வந்ததுதானா என்று காட்டுவது அதன்மேல் இட்ட அடையாளம்; அந்த வேலையைக் கன்றுக்கு நோட்டுப் புத்தகம் செய்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. எண்ணிக்கை சிறியதாக இருக்கையில் விடை மிகையாகிவிடாதபடி, புள்ளியியலாளர் டக்ளஸ் சாப்மன் 1951-இல் ஒரு சிறு திருத்தம் தந்தார்: மூன்று எண்களோடும் ஒன்றைக் கூட்டிக் கணக்கிட்டு, இறுதியில் ஒன்றைக் கழிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 25-ஐ 19-ஆல் பெருக்கி, 13-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்தால் சுமார் 35.5 வருகிறது.

இந்தக் கணக்கு சில நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டது. முதல் குழு கண்ட கன்றில் வண்ணத் துணியைக் கட்டிவிட்டுப் போனால், இரண்டாம் குழு கன்றைத் தேடாது, துணியைத்தான் தேடும். பொதுவான எண்ணிக்கை செயற்கையாக உயர்ந்து மொத்தம் குறைந்துவிடும். அளவுநாடாவைத் தவறாகப் படித்து, ஒரே கன்றை இரு குழுக்களும் இரு வேறு இடங்களில் எழுதினால், பொதுவானவை குறைந்து மொத்தம் பொய்யாக வீங்கிவிடும். இரண்டு எண்ணிக்கைகளும் ஒரே நாளில் நடக்க வேண்டும்; இடையில் ஆடுகள் மேய்ந்துவிட்டால் கணக்கே மாறிப்போகும். சந்தனத்துக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. வேரில் காயம்பட்டால் அதிலிருந்தும் தளிர்கள் கிளம்பும். விதையில் முளைத்தவற்றையும் வேர்த் தளிர்களையும் எப்படிப் பதிவது என்பதைக் காட்டுக்குள் நுழைவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமான நிபந்தனை, எல்லாக் கன்றுகளும் ஏறத்தாழ ஒரே அளவு எளிதாகக் கண்ணில் படவேண்டும் என்பது. காட்டில் அது ஒருபோதும் நிறைவேறாது. பாதையோரம் இடுப்புயரம் வளர்ந்த கன்றை இரு குழுக்களும் காணும். உண்ணிச்செடிப் புதருக்குள் விரலளவு நிற்கும் கன்றை இரு குழுக்களும் விட்டுவிடும். இதனால் 36 என்ற விடையும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். வெட்டவெளி, புதர் என்று இடத்தையும், முழங்காலுக்குக் கீழ், மேல் என்று உயரத்தையும் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே கணக்கிட்டால் பிழை பெரிதும் குறையும்.

காட்டைப் பேணுவதற்கு நேரடியாகப் பயன்படுவதும் இந்தப் பிரிவினைதான். சந்தனம் அரை ஒட்டுண்ணி. தன் இலைகளில் தானே உணவு தயாரித்தாலும், நீருக்கும் தாது உப்புகளுக்கும் பக்கத்துச் செடிகளின் வேரில் தன் உறிஞ்சு வேரைப் பதித்துக்கொள்கிறது. நாற்றங்காலில் துவரையையும் தோட்டத்தில் புங்கனையும் துணையாக நடுவது இதற்காகவே. பழத்தைத் தின்னும் குயிலும் கொண்டைக்குருவியும் விதையைப் புதர்களில் போடுகின்றன. அங்கே கிடைக்கும் அரைநிழல் கன்றை வேலூர் வெயிலிலிருந்து காக்கிறது, முள் ஆட்டின் வாயிலிருந்து காக்கிறது. உண்ணிச்செடி அயல்நாட்டிலிருந்து வந்து காட்டை நெரிக்கும் களை. அதை அகற்றத்தான் வேண்டும். ஆனால் புதருக்குள் எத்தனை கன்றுகள் உள்ளன என்று அறியாமல், நல்லெண்ணத்தோடு திரண்ட தன்னார்வலர்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தால், காப்பாற்ற வந்ததையே அழித்துவிடக்கூடும். முதலில் எண்ணிக்கை, பிறகு அரிவாள் என்ற வரிசை மாறக்கூடாது.

ஒன்றும் காணாத இடத்தில் சுழியம் என்று எழுதச் சொல்லி மாணவர்களைப் பழக்குவது எண்ணும் பயிற்சியின் உயிர்நாடி. சந்தன மரம் என்றாலே பாம்பு சுற்றியிருக்கும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் வலுவாக இருக்கிறது. பாம்பு நிழலையும் இரையையும் நாடி எந்தப் புதருக்கும் வரும். சந்தனத்தருகே ஒருமுறை பாம்பைக் கண்டவர் அதை ஆயுள் முழுதும் சொல்லிக்கொண்டிருப்பார். பாம்பு இல்லாத நூறு சந்தன மரங்களைக் கடந்தவர் அதை யாரிடமும் சொல்வதில்லை. மூடநம்பிக்கைகள் பலவும் இப்படிச் சுழியங்களை எழுதாத நோட்டுப் புத்தகத்திலிருந்து பிறந்தவை என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் பறவைப் பதிவுகளிலும், கண்ட எல்லா இனங்களையும் விடாமல் எழுதிய முழுமையான பட்டியலுக்கு மதிப்பு அதிகம். அத்தகைய பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லாததும் ஒரு செய்தி.

2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வனம் மற்றும் மரப் பரப்பை 10 ஆண்டுகளில் 33 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. இலக்கு போற்றத்தக்கது. ஆயினும் பொதுவாக மரம் நடும் விழாக்களுக்குக் கிடைக்கும் பணமும் கவனமும், நட்டதில் எத்தனை பிழைத்தன என்று மூன்றாம் ஆண்டில் எண்ணுவதற்குக் கிடைப்பதில்லை. அந்த எண்ணிக்கைக்குத் தேவைப்படுவது கயிறு, அளவுநாடா, நோட்டு, பயணப்படி, ஒரு வேளைச் சாப்பாடு ஆகியவைதான். எத்தனையோ பெரிய திட்டங்களுக்கு நிதி ஒதுக்குவோர் இந்தச் சிறு செலவுக்கு ஒரு நிலையான நிதித் தலைப்பைத் திறந்தால், ஜவ்வாது மலை அடிவாரத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றும் பல ஆண்டுத் தொடர் பதிவைத் தரமுடியும். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் பலருக்கு மரங்களை இளம் பருவத்திலேயே அடையாளம் காணத் தெரியும். அவர்களை வழிகாட்டிகளாக அழைத்து, அதற்குரிய ஊதியமும் தருவதே முறை.

ஆசிரியையிடம் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். சந்தனக் கடத்தலால் ஜவ்வாது மலை இழந்தது ஏராளம். ஆகவே கன்றுகள் நிற்கும் இடத்தைக் காட்டும் தாள்கள் வனச்சரக அலுவலகத்திலும் பள்ளியின் பூட்டிய அலமாரியிலும் மட்டுமே இருக்கட்டும். வெளியே பகிரும்போது மொத்த எண்ணிக்கை, இரு குழுக்களின் தனி எண்ணிக்கைகள், பொதுவானவை, எண்ணிய நாள், பரப்பின் அளவு ஆகியவை போதும். அடுத்த ஆண்டு அதே பரப்பை அதே மாதத்தில் மீண்டும் எண்ணுங்கள்; இம்முறையும் இரு குழுக்கள், தனித்தனியே, தங்களுக்குள் பேசாமல்.