ஓர் எழுத்து கூடியதால் வந்த கிட்னி பயம்

தசை வலுவுக்காகப் பவுடராக எடுக்கும் கிரியாட்டினைச் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று ஜிம்முக்குப் போகிறவரிடம் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். இந்தப் பயத்தின் வேர் பெரும்பாலும் ஒரு பெயர்க் குழப்பம்தான். கிரியாட்டின் உடலில் சிதைந்து கிரியாட்டினினாக மாறி சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகம் சரியாக வடிகட்டுகிறதா என்று பார்க்க ரத்தத்தில் அளப்பதும் இதே கிரியாட்டினினைத்தான். பவுடர் சாப்பிடுகிறவருக்கு இந்த அளவு கொஞ்சம் ஏறும், சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாமலேயே. அதனால் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற வேறு பரிசோதனை இருக்கிறது. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருப்பவர்கள் கதை வேறு, அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சரி, இது என்னதான் செய்கிறது? தசை சக்திக்காகச் செலவழிக்கும் சில்லறைக் காசு ஏடிபி என்ற மூலக்கூறு. முழு வேகத்தில் ஓடினால் கையிலிருப்பது இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். அப்போது தசையில் பாஸ்பேட்டோடு சேர்ந்து இருக்கும் கிரியாட்டின், அதாவது பாஸ்போகிரியாட்டின், தன்னிடமிருக்கும் பாஸ்பேட்டைக் கொடுத்து, செலவான ஏடிபியை ஆக்சிஜனுக்குக் காத்திராமல் அங்கேயே மறுபடி உருவாக்குகிறது. அந்தக் கையிருப்பும் பத்து விநாடி தாங்கினால் அதிகம். பவுடர் செய்வதெல்லாம் இந்தக் கையிருப்பைச் சுமார் 20 சதவீதம் கூட்டுவதுதான். எட்டு முறை தூக்கியவர் ஒன்பதாவது முறையும் தூக்குவார், அடுத்தடுத்த ஸ்பிரிண்ட்டுகளில் வேகம் அவ்வளவு குறையாது, மாதக்கணக்கில் இப்படிப் பயிற்சி செய்தால் தசையும் வலுவும் கூடும். மாரத்தான் ஓடுகிறவருக்குப் பெரிதாகப் பயனில்லை. கிரியாட்டின் உள்ள இறைச்சி, மீன் சாப்பிடாதவர்களுக்குத் தசையில் இருப்பே குறைவு என்பதால் பலன் சற்று அதிகமாகத் தெரியும்.

தினமும் 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரம் 20 கிராம் எடுக்கும் 'லோடிங்' அவசரக்காரர்களுக்கு. நான்கு வாரம் பொறுத்தால் அதே நிலைக்கு வந்துவிடலாம், வயிறும் கலங்காது. தொடக்கத்தில் ஏறும் ஒன்றிரண்டு கிலோ தசைக்குள் போன தண்ணீர், கொழுப்பு அல்ல. ஆனால் எடைப் பிரிவில் மோதும் வீரருக்கு அதுவே தலைவலி. 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தபோது முதலில் பழி கிரியாட்டின் மேல்தான் விழுந்தது. விசாரித்ததில், எடை குறைக்க உடலின் நீரை வற்றவைத்ததுதான் காரணம் என்று தெரிந்தது.

முடி கொட்டும் என்ற பேச்சு 2009இல் ரக்பி வீரர்களிடம் நடந்த சின்ன ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் முடி உதிர்வோடு தொடர்புள்ள ஒரு ஹார்மோன் கூடியதை அளந்தார்கள், முடியை யாரும் அளக்கவில்லை!

என்னைக் கேட்டால் உண்மையான ஆபத்து டப்பாவுக்குள்தான். கிரியாட்டின் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை, ஆனால் சப்ளிமென்ட்டுகளில் லேபிளில் போடாத தடைப் பொருள் கலந்திருப்பது உண்டு. சோதனையில் மாட்டினால் 'எனக்குத் தெரியாது' என்பது அங்கே எடுபடாது. ஆகவே, போட்டிகளில் ஆடுகிறவர் பேட்ச் வாரியாக வெளி ஆய்வகத்தில் சோதித்த சாதா வகையான கிரியாட்டின் மோனோஹைட்ரேட்டை வாங்கட்டும். அதைவிட விலை கூடிய வகைகள் எதுவும் மேலானது என்று நிரூபணமாகவில்லை.