அகலம் பத்தவில்லை என்று ஷூவை ஒரு சைஸ் கூட்டி வாங்காதீர்கள்

செப்டம்பரில் வகுப்பு தொடங்கும். அக்டோபர் கடைசியில் மழையும் குளிரும் சேர்ந்துகொள்ளும். நவம்பரில், ஊரிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்க வந்த நம் பிள்ளைகள் நொண்டிக்கொண்டு வர ஆரம்பிப்பார்கள். இங்கே பாத மருத்துவம் பார்க்கும் எனக்கு வருடாவருடம் இதே வரிசைதான். கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் புதைந்து சீழ் கட்டியிருக்கும். இல்லையென்றால் நகம் கருத்துப்போய் ஆடிக்கொண்டிருக்கும். சுண்டுவிரலில் ஆணி என்பது கொசுறு. எப்போது வாங்கிய ஷூ என்று கேட்டால் பதிலும் மாறுவதில்லை: "ஊர்ல கிளம்பும்போது வாங்கினது மேடம். அகலம் பத்தலைன்னு ஒரு சைஸ் பெரிசாவே எடுத்தேன்."

போன வாரம் வந்த மாணவரும் இதையே சொன்னார். அவருக்கு வைத்தியம் பார்த்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அவருடைய ஷூவிலிருந்து இன்சோலை, அதாவது பாதம் பதியும் உள் அட்டையை, உருவி மேசையில் வைத்துப் பார்த்தோம். கட்டைவிரல் பதிந்த தடம் வட்டமாக இல்லை. முன்னும் பின்னும் இழுபட்டு நீளமான ஒரு கறையாக இருந்தது. சுண்டுவிரல் பக்கத்து விளிம்பு தேய்ந்து நூல் பிரிந்திருந்தது. ஷூவின் உள்ளே குதிகால் பக்கத்து லைனிங் கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்தது. நீளம் அதிகம், அகலம் குறைவு, குதிகால் பிடிப்பே இல்லை. மூன்றையும் அந்த ஒரு ஷூவே சொல்லிவிட்டது. நான் வேறு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஏன் பெரிய சைஸ் உதவாது? இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இதில்தான் தவறுகிறார்கள். ஷூ என்பது ஒரே அகலத்தில் நீளும் பெட்டி அல்ல. விரல்கள் தொடங்கும் இடத்தில், கட்டைவிரலின் அடிமூட்டு இருக்குமே, அங்கேதான் ஷூ மிக அகலமாக இருக்கும். நடக்கும்போது மடங்குவதும் அதே இடத்தில்தான். அதற்குப் பின்னால் இடுப்பு மாதிரி குறுகிவிடும். நீங்கள் ஒரு சைஸ் கூட்டினால் இந்த அகலமான இடம் முன்னே நகர்ந்துவிடுகிறது. உங்கள் பாதத்தின் அகலமான பகுதி இப்போது ஷூவின் குறுகலான பகுதியில் உட்காருகிறது. அகலத்துக்காகப் பெரியதாக வாங்கினீர்கள், அந்த அகலம் இருக்கும் இடத்தில் உங்கள் கால் இல்லை. மடங்கும் இடமும் பொருந்தாது. ஒவ்வோர் அடிக்கும் குதிகால் கழன்று ஏறும், பாதம் முன்னே வழுக்கும், நகம் போய் இடிக்கும். லேஸை இறுக்கினால் மேல்பாதம் வலிக்கும், தளர்த்தினால் விரல் வலிக்கும்.

கணக்கும் பாருங்கள். பிரிட்டிஷ் சைஸ் ஒன்று கூடினால் நீளம் சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும். பாதத்தைச் சுற்றிய அளவு கூடுவது 5, 6 மில்லிமீட்டர்தான். நீளத்தைத் தொடாமல் அகல வரிசையில் ஒரு படி ஏறினாலே கிட்டத்தட்ட அதே அளவு கிடைத்துவிடும். வேண்டாத நீளத்தைச் சுமந்துகொண்டு எதற்கு நடக்க வேண்டும்?

அகல வரிசை என்று ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. ஊரில் கடைக்காரர் கேட்பது "ஏழா, எட்டா?" என்று மட்டும்தானே. இங்கே கிளார்க்ஸ் போன்ற கடைகளில் ஆண்களுக்கு ஜி சாதாரண அகலம், எச் அதைவிட அகலம். பெண்களுக்கு டி சாதாரணம், ஈ அகலம். நியூ பேலன்ஸ் மாதிரி அமெரிக்க நிறுவனங்களில் எழுத்து வேறு: ஆண்களுக்கு டி சாதாரணம், 2ஈ அகலம், 4ஈ மிக அகலம். பெண்களுக்கு பி சாதாரணம், டி அகலம். அதாவது ஒரே 'டி' ஆளைப் பொறுத்துச் சாதாரணமாகவும் இருக்கும், அகலமாகவும் இருக்கும். எல்லா மாடலும் எல்லா அகலத்திலும் வராது. அலமாரியில் இல்லையென்றால் வாய்திறந்து கேளுங்கள், உள்ளே இருக்கலாம்.

நமக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம் நம்முடையது. தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடப்பவர்களை அளந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் பாதம் அகலமாக இருப்பதையும், நடக்கும்போது அழுத்தம் பாதம் முழுக்கச் சீராகப் பரவுவதையும் காட்டியது. சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தபோதும், இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர்களுடையதைவிட அகலம் என்றே தெரிந்தது. ஆகவே "என் கால் அசிங்கமா அகலமா இருக்கு" என்று யாரும் வெட்கப்பட்டுக்கொண்டு என் முன்னால் உட்காராதீர்கள். அது நல்ல கால். ஷூதான் அதற்கு ஏற்றதாக இல்லை.

எண்களை நம்பி ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் சைஸின் ஒரு படி அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. வாற்கோதுமை மணி ஒன்றின் நீளத்தை வைத்து வந்த பழைய கணக்கு அது. ஐரோப்பிய சைஸின் ஒரு படி 6.67 மில்லிமீட்டர். இரண்டும் எங்கேயும் சரியாகப் பொருந்தாது, ஆளாளுக்குத் தோராயமாகத்தான் பொருத்துகிறார்கள். ஆண்கள் ஷூவில் யூகே 7 என்பது அடிடாஸில் ஐரோப்பிய 40 2/3, அமெரிக்க 7.5. நைக்கியில் அதே யூகே 7, ஐரோப்பிய 41, அமெரிக்க 8. கனடா போகிறவர்களுக்கு அமெரிக்க எண்தான், பெண்களுக்கு யூகே எண்ணோடு சுமார் இரண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவு குழப்பத்துக்கு நடுவே ஸ்போர்ட்ஸ் ஷூ டப்பாவில் சென்டிமீட்டரில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் அது உங்கள் பாதத்தின் நீளம். அதைப் பாருங்கள்.

வாங்கும்போது என்ன செய்ய வேண்டும்? சாயங்காலம் போங்கள், அதற்குள் கால் கொஞ்சம் உப்பியிருக்கும். குளிருக்குப் போடப்போகும் தடித்த சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். நின்றபடி இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள், பெரிய காலுக்கு வாங்குங்கள். இன்சோல் உருவ வருமானால் வெளியே எடுத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதம் பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வழிந்தால் அந்த ஷூவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் இருக்க வேண்டும். கடைக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். "போகப் போகச் சரியாயிடும்" என்று ஷூ வாங்காதீர்கள். சரியாவது ஷூ அல்ல, உங்கள் எலும்பும் தோலும்தான் அதற்கேற்றபடி வளைந்து கொடுக்கின்றன.

ஆன்லைனில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இங்கே சட்டத்தில் இருக்கிறது. கடையில் நேரில் வாங்கினால் சைஸ் சரியில்லை என்பதற்காக மட்டும் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, அது அவரவர் கடையின் வழக்கம். எதுவானாலும் வீட்டுக்குள் கார்ப்பெட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் தெருவுக்கு இறங்குங்கள். சின்னப் பாதம் உள்ள பெண்கள், யூகே 3, 4 போடுகிறவர்கள், பிள்ளைகள் பகுதியையும் எட்டிப் பாருங்கள். குழந்தைகள் காலணிக்கு வாட் வரி கிடையாது. பாதி விலைக்கு நல்ல ஷூ கிடைத்ததாக என்னிடம் சொன்னவர்கள் உண்டு.

கிடங்கு வேலைக்குப் போகும் மாணவர்கள் கவனியுங்கள். சேஃப்டி பூட்ஸின் முன்பக்கத்தில் இரும்புக் கவசம் இருக்கும். தோல் இளகும், இரும்பு இளகாது. அதில் "பழகிப்போகும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. இரவு முழுக்க அதைப் போட்டு நடந்துவிட்டு, காலையில் பிளேடால் நகத்தின் ஓரத்தைத் தோண்டிக்கொள்கிறார்கள். நகத்தின் நடுவே 'வி' மாதிரி வெட்டிவிட்டால் ஓரம் உள்ளே வளராது என்று யாரோ வீடியோவில் சொல்லியிருக்கிறார்களாம். நகம் வளர்வது அடியிலிருந்து, நுனியில் வெட்டினால் அதற்குத் தெரியவா போகிறது? நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். இன்னொன்று: வேலைக்குத் தேவையான பாதுகாப்புக் காலணிக்கு முதலாளி உங்களிடம் காசு வாங்கக் கூடாது. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 2022 ஏப்ரலிலிருந்து நிரந்தர ஊழியர் அல்லாத தற்காலிகப் பணியாளர்கள் பலருக்கும் பாதுகாப்புச் சாதனம் தரும் கடமை விரிவாக்கப்பட்டிருக்கிறது. காசு மிச்சம் பிடிக்க மலிவான ஜோடியை நீங்களே தேடி வாங்கும் முன், அகலமானது வேண்டும் என்று மேலாளரிடம் கேளுங்கள்.

துணிமணியைப் பற்றியும் கேட்கிறார்கள். என் வேலை கணுக்காலோடு முடிந்துவிடுகிறது, ஆனாலும் தெரிந்ததைச் சொல்கிறேன். தி.நகரில் தடிமனான கோட் வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். உள்ளே ஸ்வெட்டர் போட்டபடி அளவு பார்க்காத கோட், ஜனவரியில் பொத்தான் போட முடியாமல் நிற்கும். பெண்கள் உடையில் யூகே 12 என்பது அமெரிக்காவில் 8, ஜெர்மனியில் 38, பிரான்சில் 40, இத்தாலியில் 44. அதே உடம்புதான், எண்ணைப் பார்த்து அழ வேண்டாம். ஐந்தடி மூன்று அங்குலத்துக்குக் கீழே இருந்தால் பெட்டீட் என்ற பகுதியில் தேடுங்கள், கையும் காலும் அளவாக இருக்கும். ஆண்கள் பேன்ட்டில் இடுப்போடு கால் நீளத்தையும் பாருங்கள். தரையில் இழுபடும் பேன்ட் மழைத் தண்ணீரை உறிஞ்சிச் சாக்ஸுக்குள் இறக்கும். அதுதான் எனக்குக் கவலை.

ஈரமும் குளிரும் இறுக்கமான ஷூவும் சேர்ந்தால் விரல்கள் சிவந்து, ஊதா நிறமாகி, அரிப்பும் எரிச்சலும் எடுக்கும். சில்பிளெய்ன் என்பார்கள். கொசுக்கடி, அலர்ஜி என்று களிம்பு தடவிக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து காலைக் கொண்டுபோய் ஹீட்டர்மேல் வைக்காதீர்கள், இன்னும் மோசமாகும். ஈர சாக்ஸை மாற்றுங்கள், மெல்ல மெல்லச் சூடாகட்டும். சரியாகவில்லை என்றால் பாத மருத்துவரிடம் போங்கள், ஆனால் சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதிவுசெய்யும் எச்.சி.பி.சி. அமைப்பின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். பெயர்ப் பலகை வைத்திருக்கும் எல்லோரும் பொடியாட்ரிஸ்ட், அதாவது பதிவு பெற்ற பாத மருத்துவர், இல்லை.

இனி வருவது அதட்டல் இல்லை, வேண்டுகோள். பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாக்களுக்கு நீங்கள் வாங்கி வைக்கும் பூட்ஸைப் பற்றியது.

சர்க்கரை நோய் உள்ள ஓர் அம்மா வந்தார். மகன் அன்போடு வாங்கிக் கொடுத்த கம்பளி வைத்த பூட்ஸ், செருப்பு எண்ணைக் கேட்டு வாங்கியது. "வலியே இல்லையேம்மா, நல்லா கெட்டியா பிடிச்சிருக்கு" என்றார். சாக்ஸைக் கழற்றினால் சுண்டுவிரல் பக்கம் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே கொப்புளம் உடைந்து புண். வலிக்கவில்லை என்பதுதான் அங்கே நோய். பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குச் சரியான அளவு ஷூ 'லொடலொட' என்று இருப்பதாகத் தோன்றும், இறுக்கமானதுதான் பொருந்துவதாகத் தெரியும். எனவே "எப்படி இருக்கு அம்மா?" என்று கேட்டு வாங்காதீர்கள், கண்ணால் பார்த்து வாங்குங்கள். போடும் முன் ஷூவுக்குள் கை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை சாக்ஸ் நல்லது, கறை பட்டால் உடனே தெரியும். படுக்கையில் வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம். தினமும் இரவு பாதத்தை நீங்களே ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அவரால் குனிந்து பார்க்க முடியாது.

புண் எதுவானாலும் "ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள், அன்றே காட்டுங்கள். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு மருத்துவமனைச் சிகிச்சை இங்கே இலவசமில்லை, அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் செலவில் ஒன்றரை மடங்கு கேட்பார்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை இருப்பதை மறைக்காதீர்கள்.

டிக்கெட் போட்டாகிவிட்டது, அம்மா இன்னும் ஊரில்தான் இருக்கிறார் என்றால் ஒரு வேலை செய்யலாம். சுவர் ஓரமாக ஏ4 தாளைப் போட்டு, குதிகால் சுவரைத் தொடும்படி அவரை அதன்மேல் நிற்கச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடட்டும், இரண்டு காலுக்கும். மிக நீளமான விரல் நுனிவரை ஓர் அளவு, மிக அகலமான இடத்தில் ஓர் அளவு, ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அந்தப் படத்தைக் கடையில் காட்டுங்கள். அவருடைய பழைய செருப்பில் இருக்கும் எண்ணைச் சொல்லாதீர்கள்.