கரித்தூள் அரைக்கிற இடத்தில் நான் முதலில் பார்ப்பது

சாயல்குடி, கடலாடிப் பக்கம் சீமைக்கருவேலக் கட்டையை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். கட்டிக்கரி மூட்டையாகி லாரி ஏறிவிடும். மிஞ்சும் தூளை அரைத்து அச்சில் அழுத்தும் சிறு ஆலைகளுக்குப் பாதுகாப்பு ஆய்வுக்குப் போனால், இயந்திரத்துக்கு முன்னால் கூரை உத்திரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பேன். விரலால் பெயர் எழுதலாம் போலத் தூள் படிந்திருக்கும். “விசிறினாத்தான் பிடிக்கிற கரி சார், இதுவா வெடிக்கப்போகுது?” என்பார் உரிமையாளர்.

கட்டியாக இருக்கிறவரை அவர் சொல்வது சரி. மாவாகிக் காற்றில் பறந்தால் துகளைச் சுற்றியெல்லாம் ஆக்சிஜன். அடைத்த இடத்தில் ஒரு பொறி போதும். மூட்டத்தில் அரைகுறையாக வெந்த கரியின் தூள் இன்னும் மோசம்.

நிலக்கரிச் சுரங்கங்கள் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1906-ல் பிரான்சின் கூரியேரில் 1,099 பேர். 1965-ல் நம் நாட்டின் தோரியில் 268 பேர். சுரங்கத்தில் கசியும் மீத்தேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். பல நேரம் அந்த முதல் வெடிப்பு சிறியதுதான். அதன் அழுத்த அலை தரையிலும் சுவரிலும் கிடக்கும் தூளைக் கிளப்பிவிட, பின்னால் வரும் தீ அதைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது. ஆளைக் கொல்வது இந்த இரண்டாவதுதான்.

அலை முந்தி, தீ பிந்தி. தடுப்பு முறைகள் நம்பியிருப்பது இந்தச் சின்ன இடைவெளியைத்தான். சுரங்கக் கூரைக்கடியில் தளர்வாக வைத்த பலகைகளில் சுண்ணாம்புக்கல் தூளோ, தொட்டிகளில் தண்ணீரோ இருக்கும். அலை அதைக் கவிழ்க்கும். தீ வரும்போது குறுக்கே திரை நிற்கும். புதிய கருவிகள் தீயின் ஒளியை உணர்ந்து மில்லிவிநாடிகளில் அணைப்புத்தூளைப் பீய்ச்சுகின்றன. ஆனாலும் கரித்தூளோடு கலந்து அது பற்றாமல் இருக்கச் சுவரெல்லாம் கல்தூள் தூவுவதை யாரும் விடவில்லை.

விற்கிற கரியில் கல்தூளைக் கலந்தால் மூட்டை திரும்பி வந்துவிடும்! ஆலைகளுக்கென்று வெடிப்பு தொடங்கியதுமே சமையல் சோடாத் தூளைப் பீய்ச்சும் சிலிண்டர்கள் உண்டு. சிறு முதலாளிக்குக் கட்டாது. அவரால் முடிந்தது வேறு. அரைவைக்குள் ஆணி விழுந்து பொறி பறக்காமல், கரி கொட்டும் வாயில் காந்தம் வைக்கலாம். சூடாகும் பேரிங்கை உடனே மாற்றலாம். கம்ப்ரசர் காற்றால் தூசி ஊதுவதை மட்டும் அறவே நிறுத்த வேண்டும். மேகத்தை நாமே கிளப்பிவிடுகிறோம். ஈரத்துணி போதும். ஆடிக் காற்றுக்குப் பயந்து தகரக் கதவைச் சாத்திக்கொண்டு அரைப்பதும் வேண்டாம்.

தூசி உறிஞ்சும் பெட்டியில், உள்ளே வெடித்தால் திறந்து அழுத்தத்தை வெளியேற்றும் பலகை இருந்தால், அது எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். ஓர் ஆலையில் பெண்கள் உட்கார்ந்து சாக்குத் தைக்கும் திண்ணையைப் பார்த்து வைத்திருந்தார்கள். இப்போது கருவேலங்காட்டுப் பக்கம் திருப்பியாகிவிட்டது.