ஸ்க்ரூபால் காமெடி: இதுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

ஸ்க்ரூபால் காமெடிங்கறது முப்பதுகள்ல ஹாலிவுட்ல வந்த ஒரு வகை காதல் காமெடிப் படம். ஸ்க்ரூபால்னு கேட்டதும் நம்ம ஊர் "மரை கழண்ட கேஸ்" ஞாபகம் வரும், அர்த்தமும் கிட்டத்தட்ட அதேதான், ஆனா இந்தப் பேர் படத்துக்கு வந்த வழியில பேஸ்பால் இருக்கு. பேஸ்பால்ல வளைச்சு வீசுற வழக்கமான கர்வ் பால் எந்தப் பக்கம் வளையுமோ அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் வளையுற பந்துக்குப் பேர்தான் ஸ்க்ரூபால், கிரிக்கெட் பாக்குறவங்க தூஸ்ரான்னு நெனச்சுக்கலாம். நியூயார்க் ஜயன்ட்ஸ் டீம்ல பந்து வீசின கார்ல் ஹபல் 1934 ஆல் ஸ்டார் மேட்ச்ல இந்தப் பந்தை வச்சு பேப் ரூத், லூ கெரிக்னு வரிசையா அஞ்சு பெரிய தலைகளை அவுட்டாக்கினாரு. அதே முப்பதுகள்ல கிறுக்குத்தனமா நடக்குற ஆளையும் ஸ்க்ரூபால்னு சொல்ல ஆரம்பிச்சு, அப்புறம் அந்த மாதிரி ஆளுங்க காதலிக்கிற படங்களுக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு.

கிறுக்கு மட்டும் இருந்தா போதாது. பணக்காரன் ஏழைன்னு ஒரு இடிப்பு, பொண்ணு கை ஓங்கியிருக்கிற காதல், மூச்சு விடாம பேச்சு, எல்லாம் வேணும். 1934ல ஹாலிவுட்ல சென்சார் இறுகினதால ரொமான்ஸை நேரா காட்ட முடியாம சண்டையிலயும் வாய்ச்சவடால்லயும் காட்டினாங்கன்னும் சொல்லுவாங்க.

உதாரணத்துக்கு எல்லாரும் "இட் ஹாப்பன்ட் ஒன் நைட்"தான் சொல்றாங்க, நான் 1937ல வந்த "ஈஸி லிவிங்" சொல்வேன், பாவம் அதை யாரும் கண்டுக்கறதே இல்ல. மிட்செல் லைசன் டைரக்‌ஷன், பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் திரைக்கதை. ஒரு பேங்க் முதலாளி பொண்டாட்டி மேல கடுப்பாகி 58,000 டாலர் ஃபர் கோட்டை மொட்டைமாடியிலருந்து வீசுவாரு, அது கீழ பஸ்ஸோட மேல்தட்டுல போற ஹீரோயின் ஜீன் ஆர்தர் தலையில விழும், கோட்டைப் பாத்து ஊரே இவ அவரோட சின்ன வீடுன்னு முடிவு பண்ணிடும், வேலை போயிடும், ஆனா பெரிய ஹோட்டல்காரன் கூப்பிட்டு ரூம் குடுப்பான். காசு போட்டா சாப்பாடு வச்சிருக்கிற சின்னக் கண்ணாடிக் கதவு திறக்கிற ஆட்டோமேட் ஹோட்டல் சீன்தான் உச்சம், ஒரு அடிதடியில எல்லா கதவும் ஒண்ணா திறந்துக்க, ஓசி சோத்துக்கு தெருவுல போற கூட்டமெல்லாம் உள்ள பாயும். அமெரிக்கப் பொருளாதாரம் படுத்துக் கெடந்த காலத்துல எடுத்த படம், அதனால அந்தச் சிரிப்புல ஒரு பசியும் இருக்கும்.

தமிழ்ல "கிறுக்கு நகைச்சுவை"ன்னா காதல் விட்டுப்போகுது, "கோணங்கி"ன்னா வெறும் சேட்டையா நின்னுடுது. என் ஓட்டு "ஏறுக்குமாறு காதல் காமெடி"க்குத்தான், பந்து எதிர்ப்பக்கம் திரும்புறதும் அதுல வந்துடுது. கட்டுரையில எழுதணும்னா "ஏறுக்குமாறு காதல் நகைச்சுவை"ன்னு போட்டுக்கலாம்.